பிடித்த நாவலிலிருந்து அடுத்த நாவலுக்கு: நூலகத்தின் இணையப் பட்டியலில் கதை தேடுவது எப்படி

நூலகத்துக் கணினியில் 'நல்ல நாவல்' என்று தட்டிப் பாருங்கள். தலைப்பில் அந்தச் சொற்கள் உள்ள ஏதாவது ஒரு திறனாய்வு நூல் வந்து நிற்கும். பல நேரம் ஒன்றுமே வராது. அதே பெட்டியில் தெரிந்த எழுத்தாளர் ஒருவரின் பெயரைத் தட்டினால் பக்கம் பக்கமாகப் புத்தகங்கள் வரும். புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த இடத்திலேயே சலித்துப்போய் எழுந்துவிடுகிறார்கள். 'தெரிந்த புத்தகத்தைத்தான் இது காட்டும், தெரியாததை எப்படிக் கண்டுபிடிப்பது?' என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான்.

நூலகக்காரர்கள் 'ஓபேக்' என்று சொல்லும் இந்த இணையப் பட்டியல், பழைய மர இழுப்பறைகளில் இருந்த அட்டைப் பட்டியலின் வாரிசு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பதிவு. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், அலமாரியில் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் எண், இப்போது உள்ளே இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்ற நிலவரம். ஒரு வகையில் புத்தகத்தின் ஜாதகம் அது. பிறந்த நேரம், இடம், பெற்றோர் எல்லாம் துல்லியமாக இருக்கும். ஆள் எப்படிப்பட்டவர் என்பது மட்டும் அதில் இருக்காது.

கதைப் புத்தகங்களுக்கு இது பெரிய குறை. தென்னை வளர்ப்பு பற்றிப் படிக்க வேண்டும் என்றால் 'தென்னை' என்று தேடினால் போதும். நாவல் தேடுகிறவர் அப்படிக் கேட்பதில்லை. 'கிராமத்துக் கதையாக வேண்டும், ஆனால் அழ வைக்கக் கூடாது', 'பேருந்தில் படிக்கிற மாதிரி சின்னதாக ஒன்று', 'போன வாரம் எடுத்துப்போனேனே, அதே மாதிரி இன்னொன்று'. டென்மார்க்கைச் சேர்ந்த அன்னலீசே மார்க் பெயிட்டர்சன் என்ற ஆய்வாளர் 1970களில் நூலகரிடம் வாசகர்கள் கதை கேட்கும் உரையாடல்களை ஆராய்ந்தார். வாசகர்கள் கேட்பதெல்லாம் நான்கு கூறுகளுக்குள் அடங்கும் என்று அவர் வகுத்தார்: கதை எதைப் பற்றியது, எந்தக் காலத்தில் எந்த இடத்தில் நடக்கிறது, எழுதியவர் எந்த நோக்கத்தோடு எழுதியிருக்கிறார், படிக்க எவ்வளவு சுலபம். இதை வைத்து 1980களில் 'புத்தக வீடு' என்று ஒரு தேடுபொறியே செய்து காட்டினார்கள். திரையில் படங்களைத் தொட்டுக் கதை தேடலாம்.

நம் கைக்கு வரும் பட்டியல்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. அட்டைக் காலத்தில் நாவலுக்குப் 'பொருள் தலைப்பு', அதாவது புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்லும் சொல், கொடுக்கும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. எழுதியவர் பெயரில் அடுக்கினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 1990இல்தான் புனைகதைக்குத் தனியாக வழிகாட்டு நெறி வெளியிட்டது. கதையின் வகை, பாத்திரங்கள், நடக்கும் இடம், பேசும் பொருள் என நான்கு விதத்தில் தலைப்பு கொடுக்கலாம் என்றது அது. தமிழ் நாவல்களின் பதிவுகளைத் திறந்தால் பெரும்பாலும் 'தமிழ் நாவல்' அல்லது 'தமிழ்ப் புனைகதை' என்ற ஒரே வரியோடு நின்றிருக்கும்.

ஆகவே பட்டியலிடம் 'எனக்கு ஒரு கதை சொல்லு' என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே பிடித்த ஒரு புத்தகத்தை அதில் கண்டுபிடித்து, அந்தப் பதிவிலிருந்து அக்கம்பக்கத்துக்கு நகருங்கள். மீதிக் கட்டுரை முழுக்க இந்த நகர்தலைப் பற்றியதுதான்.

முதலில் பெயர்

பிடித்த புத்தகத்தைக் கண்டுபிடிப்பதே தமிழில் அவ்வளவு சுலபமில்லை. நம் எழுத்தாளர்களுக்குப் புனைபெயர் உண்டு, முன்னெழுத்து உண்டு, எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஒன்று.

'சுஜாதா' என்று தேடினால் ரங்கராஜன் எழுதிய நாவல்களோடு, உண்மையிலேயே சுஜாதா என்று பெயர் கொண்ட பலரின் சமையல் குறிப்பும் முனைவர் பட்ட ஆய்வும் சேர்ந்து வரும். தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் 'எல்லாம்', 'தலைப்பு', 'ஆசிரியர்', 'பொருள்' என்று ஒரு சின்னப் பட்டி இருக்கும். அதை 'ஆசிரியர்' என்று மாற்றினால் பாதிக் குப்பை போய்விடும். மீதியைக் கழிக்க ஒரு வழி, அவர் எழுதியது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு புத்தகத்தைத் திறந்து, அந்தப் பதிவில் உள்ள ஆசிரியர் பெயரைச் சொடுக்குவது. நூலகர் எந்த வடிவத்தில் பெயரைப் பதிந்திருக்கிறாரோ அதே வடிவத்தில் உள்ள எல்லாப் புத்தகங்களும் வந்துவிடும். நாமே தட்டச்சு செய்வதைவிட இது பல மடங்கு நம்பகமானது.

முன்னெழுத்து இன்னொரு தலைவலி. கி. ராஜநாராயணன் ஒரு நூலகத்தில் அப்படியே இருப்பார், இன்னொன்றில் 'ராஜநாராயணன், கி.' என்று திரும்பி நிற்பார், வேறொன்றில் 'இராஜநாராயணன்' ஆகியிருப்பார். 'கி.ரா.' என்று தட்டினால் எங்கேயும் கிடைக்காமலும் போகலாம். ராமசாமி, இராமசாமி, லட்சுமி, இலட்சுமி, ஜெயராமன், செயராமன், ஜயராமன். எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். நல்ல பட்டியல்களில் எந்த வடிவத்தைத் தட்டினாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அதற்கு யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் மாற்று வடிவங்களைப் பதிந்திருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில் முதலில் கைவிடப்படும் வேலை அது.

தமிழ் எழுத்தில் எதுவுமே வரவில்லையா? ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள். பழைய பதிவுகள் பலவும் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டவை. வெளிநாட்டு நூலகங்களில் இது இன்னும் முக்கியம். 1960களிலிருந்து டெல்லியில் ஓர் அலுவலகம் வைத்து இந்திய மொழி நூல்களை வாங்கிவரும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதத் தனி முறை வைத்திருக்கிறது. அந்த முறையில் க, ச, ட, த, ப ஐந்துக்கும் ஒவ்வோர் ஆங்கில எழுத்துதான். காந்தியின் 'ஜி', டெல்லியின் 'டி', பம்பாயின் 'பி' என்ற மெல்லொலி எழுத்துகளுக்கு இடமே இல்லை. சுந்தரம் என்ற பெயரை நாம் 'எஸ்' போட்டுத் தொடங்கி நடுவில் 'டி ஃபார் டெல்லி' போடுவோம். அவர்கள் 'சி ஃபார் கேட்' போட்டுத் தொடங்கி நடுவில் 'டி ஃபார் டைகர்' போடுவார்கள். காந்திக்கும் இதே கதிதான், 'கே'யில் தொடங்குவார். மேலே கோடும் கீழே புள்ளியும் உள்ள எழுத்துகள் திரையில் தெரியும். தேடும்போது பெரும்பாலும் அவற்றைப் போட வேண்டியதில்லை, வெறும் எழுத்து போதும். உலகெங்கும் உள்ள நூலகங்களின் பதிவுகளைத் திரட்டித் தரும் வேர்ல்ட்கேட்டில் தமிழ் நாவல் தேடுகிறவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே போதும், அதுவரை 'இல்லை' என்ற புத்தகங்கள் திடீரென்று முளைக்கும்.

தலைப்புச் சொல்லும் அதன் வால்களும்

ஆசிரியர் பெயர் மறந்துபோய், தலைப்பில் ஒரு சொல் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'மலை' என்று தேடுகிறீர்கள். தலைப்பில் இருப்பது 'மலையில்' என்றோ 'மலைகளின்' என்றோ இருந்தால் அது வராது. பல பட்டியல் மென்பொருள்களுக்கு வேற்றுமை உருபு தெரியாது; அவற்றுக்கு மலை வேறு, மலையில் வேறு. இதற்குச் சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். 'மலை*' என்றால் மலை என்று தொடங்கும் எல்லாம் வரும், மலையாளமும் சேர்ந்து வரும், பரவாயில்லை. ஆனால் 'மரம்' என்ற சொல்லுக்கு 'மரம்*' போட்டால் 'மரத்தின்' கிடைக்காது. 'மரத்*' என்று தனியாக ஒருமுறை தேட வேண்டும். 'வீடு' என்றால் 'வீட்*'. இலக்கண வகுப்பில் படித்த சாரியையும் ஒற்று இரட்டிப்பதும் கடைசியில் இங்கேதான் உதவுகின்றன.

சொல் பிரிப்பதும் அப்படித்தான். 'சிறுகதைகள்' ஒரே சொல்லா, 'சிறு கதைகள்' இரண்டு சொல்லா என்பது பதிந்தவரின் கை வாகு. ஒற்று மிகுமா மிகாதா என்பதும் அதேதான். நீளமான தலைப்பை முழுதாகத் தட்டுவதைவிட, அதில் அதிகம் புழங்காத ஒரே ஒரு சொல்லைத் தட்டுவது நல்லது. 'ஒரு', 'கதை', 'காதல்' எல்லாம் எதற்கும் உதவாத சொற்கள்.

தனிச் சிறுகதை ஒன்றைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொகுப்பில் உள்ள கதைகளின் பெயர்களைப் பதிவில் வரிசையாகக் குறிக்க இடம் உண்டு. குறித்திருந்தால் கதையின் பெயரிலேயே புத்தகம் கிடைத்துவிடும். ஆனால் முப்பது தலைப்புகளைத் தட்டச்சு செய்யப் பொறுமையுள்ளவர்கள் குறைவு. கதையின் பெயரில் கிடைக்கவில்லை என்றால் அது நூலகத்தில் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எழுத்தாளரின் 'முழுத் தொகுப்பு' இருக்கிறதா என்று தேடுங்கள்.

பதிவைத் திறந்த பிறகு

சரி, பிடித்த நாவலின் பதிவு திரையில் இருக்கிறது. இப்போதுதான் விஷயமே தொடங்குகிறது. பதிவில் நீல நிறத்தில் சொடுக்கக்கூடியதாக இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு கதவு. ஆசிரியர் பெயரைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். மொழிபெயர்ப்பு நாவல் என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரும் சொடுக்கும்படி இருக்கும். என் அனுபவத்தில் இதைவிட நல்ல கதவு கிடையாது. மூல ஆசிரியர் யார் என்றே தெரியாத நாவல்களுக்கு, கை பழகிய ஒரு மொழிபெயர்ப்பாளரின் பெயர் கொண்டுபோய்விடும். அவர் எதை எடுத்து மொழிபெயர்க்கிறார் என்பதிலேயே ஒரு ரசனை இருக்கிறது.

அடுத்தது வரிசைப் பெயர். பதிப்பகங்கள் 'செவ்வியல் வரிசை', 'முதல் நாவல் வரிசை' என்று தலைப்பிட்டு வெளியிடுபவை பதிவில் தனி வரியாக இருக்கும். அதைச் சொடுக்கினால் ஒரு பதிப்பாசிரியர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டியலே கையில் வந்துவிடும்.

அப்புறம் பொருள் தலைப்பு. முன்பே சொன்னபடி உள்ளூர்ப் பதிவுகளில் இது வறண்டு கிடக்கும். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அதே நாவலை வேர்ல்ட்கேட்டிலோ அமெரிக்க நாடாளுமன்ற நூலகப் பட்டியலிலோ தேடுங்கள். அங்கே மீனவர் பற்றிய நாவல் என்றால் மீனவர் என்ற தலைப்பும் அதன் பின்னே 'ஃபிக்ஷன்' என்ற ஒட்டும் ஆங்கிலத்தில் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஒட்டுதான் முக்கியம். மீன்பிடித் தொழில் பற்றிய அறிக்கைகளையும் மீனவர் கதைகளையும் அது பிரித்துவிடும். அந்தத் தலைப்பைச் சொடுக்கி, மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் கடலோரக் கதைகள் வரிசையில் வரும். பெயர்களைக் குறித்துக்கொண்டு திரும்பவும் உள்ளூர் நூலகப் பட்டியலுக்கு வந்து அவை இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இரண்டு பட்டியல்களை இப்படிச் சேர்த்துப் பயன்படுத்துவது கொஞ்சம் சுற்று வழிதான். ஆனால் ஒரே கருப்பொருளில் நாவல் தேட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எண்ணைப் படிப்பது

பதிவில் பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது அந்த அழைப்பெண். புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்வதோடு, எதன் பக்கத்தில் இருக்கிறது என்றும் அது சொல்லும்.

புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூயி முறையில் அடுக்கிய நூலகங்களில் தமிழ்ப் புனைகதை 894.8113. இதில் 894.811 தமிழ் இலக்கியம், கடைசி 3 புனைகதை. கவிதை என்றால் 1, நாடகம் என்றால் 2. மலையாளப் புனைகதை 894.8123, கன்னடம் 894.8143, வங்காளம் 891.443, ரஷ்யன் 891.73, ஆங்கிலம் 823. இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த முறையில் மொழிபெயர்ப்பு மூல மொழியின் எண்ணுக்குத்தான் போகும். தமிழில் வந்த ரஷ்ய நாவல் தமிழ் நாவல்களோடு இருக்காது, 891.73இல் இருக்கும். தமிழில் வந்த மலையாள நாவலை 894.8123இல் தேட வேண்டும். எத்தனையோ பேர் தமிழ்க் கதை அலமாரியை அலசிவிட்டு 'மொழிபெயர்ப்பே இல்லை' என்று போய்விடுகிறார்கள், இரண்டு அலமாரி தள்ளி அது தூசி படிந்து நிற்கிறது. வாசகர் வசதிக்காகத் தமிழில் உள்ளதையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கும் நூலகங்களும் உண்டு. அழைப்பெண்ணையும், அருகில் போட்டிருக்கும் இடப்பெயரையும் சேர்த்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

இன்னொரு முறை நம் ஊரிலேயே பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு. அதில் இலக்கியத்துக்கு ஆங்கில 'ஓ', தமிழுக்கு 31, புனைகதைக்கு 3. அதன் பிறகு வருவதுதான் அழகு. எழுத்தாளரின் பெயரை விட்டுவிட்டு அவர் பிறந்த ஆண்டைப் போடுவார்கள். 1800களுக்கு 'எம்', 1900களுக்கு 'என்'. 1899இல் பிறந்த கல்கிக்கு 'எம்99'. 1906இல் பிறந்த புதுமைப்பித்தனுக்கு 'என்06'. இந்த முறையைப் பின்பற்றும் அலமாரியில் இடமிருந்து வலமாக நடந்தால் தமிழ் நாவலின் தலைமுறைகள் வரிசையாக வருகின்றன. ஒருவரைப் பிடித்திருந்தால் அவர் வயதுக்காரர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். வாசகரின் தேவையை இவ்வளவு கூர்மையாக யோசித்த எண்முறை வேறு உண்டா என்று தெரியவில்லை. எண்ணைப் படிக்கக் கற்பது சிரமம் என்பதும் உண்மைதான்.

அலமாரிக்குப் போகாமலே இந்த அக்கம்பக்கத்தைப் பார்க்க முடியும். இந்திய நூலகங்கள் பலவும் பயன்படுத்தும் கோஹா என்ற இலவச மென்பொருளில், புத்தகப் பிரதியின் அழைப்பெண் அருகே 'பிரவுஸ் ஷெல்ஃப்' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால் அந்தப் புத்தகத்துக்கு இடமும் வலமும் உள்ளவை வரிசையாகத் திரையில் விரியும். அம்புக்குறியை அழுத்தி அலமாரி முழுக்க நகரலாம். நிஜ அலமாரியில் இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு, யாரோ எடுத்துப்போயிருக்கும் புத்தகமும் இதில் தெரியும். நல்ல நாவல்கள் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

எதை எடுப்பது

இத்தனைக்கும் பிறகு கையில் பத்துப் பெயர்கள் இருக்கும். முன்னுரையோ பின்னட்டையோ படிக்க முடியாத நிலையில், பதிவை வைத்தே கொஞ்சம் சலித்துவிடலாம்.

பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். புது எழுத்தாளரிடம் நூற்றைம்பது பக்கத்தில் அறிமுகம் செய்துகொள்வது நல்லது, எண்ணூறு பக்கம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டைப் பார்க்கும்போது கவனம். பதிவில் இருப்பது அந்தப் பதிப்பின் ஆண்டு. 2015 என்று போட்டிருக்கும் நாவல் 1950களில் எழுதியதாக இருக்கலாம். கல்கியைப் போல நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் நூல்களை எந்தப் பதிப்பகமும் போடலாம் என்பதால் ஒரே நாவலுக்கு வரிசையாகப் பல பதிவுகள் வரும். அதில் எழுத்துப் பெரியதாக, பிழை குறைவாக உள்ள பதிப்பு எது என்று பட்டியல் சொல்லாது. பதிப்பகத்தின் பெயரை வைத்து நாமே ஊகிக்க வேண்டியதுதான்.

பாகங்களையும் பாருங்கள். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். சில நூலகங்கள் ஐந்தையும் ஒரே பதிவில் வைக்கும், சில ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு போடும். பிரதிகளின் பட்டியல் வரை கீழே இறங்கி, முதல் பாகம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான்காம் பாகம் மட்டும் எப்போதும் உள்ளே இருக்கும், அது யாருக்கும் உதவாது.

ஒரு நாவலுக்கு எத்தனை பிரதி இருக்கிறது, அதில் எத்தனை வெளியே போயிருக்கிறது என்பதும் ஒரு சேதிதான். ஆறு பிரதி வாங்கி ஐந்து வெளியே இருந்தால் ஊர் அதைப் படிக்கிறது என்று பொருள். ஆனால் ஒற்றைப் பிரதியாக உள்ளேயே இருக்கும் புத்தகத்தை இதை வைத்துத் தள்ளிவிடாதீர்கள். பிரதி எண்ணிக்கை கொள்முதலையும் காட்டும், ரசனையை மட்டும் காட்டாது. நிலவர வரியில் 'குறிப்புதவி' அல்லது 'ரெபரன்ஸ்' என்று இருந்தால் வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகம் போல, நாட்டில் அச்சாகும் புத்தகங்களின் பிரதியைச் சட்டப்படி பெற்றுச் சேமிக்கும் இடங்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எடுத்துப்போகக் கூடியதை மட்டும் பார்க்க விரும்பினால், தேடல் முடிவுப் பக்கத்தின் ஓரத்தில் 'இப்போது கிடைப்பவை' என்ற வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கேயும் கிடைக்காதவற்றுக்கு இன்னும் சில கதவுகள். இலங்கைத் தமிழ்ப் புனைகதை என்றால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம். நம் பட்டியல்களில் பெயர்கூட இல்லாத நாவல்களும் சிற்றிதழ்களும் அங்கே முழுதாகப் படிக்கக் கிடைக்கின்றன. நாட்டுடைமை நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். அங்கும் இல்லையென்றால், உறுப்பினர் கணக்கில் நுழைந்த பிறகு 'வாங்கப் பரிந்துரை' என்ற படிவம் வருகிறதா என்று தேடுங்கள். கோஹாவில் இந்த வசதி உண்டு. நூலகம் அதைத் திறந்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம் மூன்றையும் வேர்ல்ட்கேட் பதிவைப் பார்த்துப் பிழையில்லாமல் நிரப்புங்கள். படிவம் இல்லாத நூலகத்தில் அதே மூன்றையும் ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுத்துவிடலாம்.